இரண்டு முயல்களை ஒன்றாகப் பழக்குவது எப்படி? பெண் முயல் கம்பிக்குள் இருந்தே பாய்கிறாள்

கேள்வி: மல்லிவீடு

என்னிடம் மல்லி என்று ஒரு பெண் முயல் இருக்கிறாள். இரண்டு வயது தாண்டிவிட்டது, கருத்தடை ஆபரேஷன் போன வருடமே முடிந்துவிட்டது. குட்டியிலிருந்து தனியாகவே வளர்ந்தவள். வீட்டில் எல்லோரும் வேலைக்கும் படிப்புக்கும் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை அவளுக்கு யாரும் இல்லை, கம்பியைக் கடிப்பதும் தரைவிரிப்பைப் பிறாண்டுவதுமாகவே பொழுதைக் கழிக்கிறாள். அதனால் ஒரு துணை வேண்டும் என்று, வளர்க்க முடியாமல் வேறொருவர் கொடுத்த ஓர் ஆண் முயலை எடுத்துக்கொண்டோம். கருவாயன் என்று கூப்பிடுகிறோம், சுமார் ஒரு வயது இருக்கும். அவனுக்கும் ஆபரேஷன் ஆகி இப்போது தையல் ஆறிக்கொண்டிருக்கிறது.

இருவரும் ஒரே அறையில், தனித்தனிக் கூண்டில் இருக்கிறார்கள். அவன் ஆசையாகக் கம்பியருகே வந்து மோப்பம் பிடிக்கிறான். அவளோ காதை முதுகோடு ஒட்டவைத்து, வாலைத் தூக்கி, உறுமிக்கொண்டே பாய்கிறாள். முயல் உறுமும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

கேட்ட இடத்தில் எல்லாம் வேறு வேறு யோசனை சொல்கிறார்கள். "ஒரே கூண்டில் விடுங்கள், ரெண்டு நாள் அடித்துக்கொள்ளும், அப்புறம் சரியாகிவிடும்" என்கிறார் ஒருவர். இரண்டையும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு காரில் ஒரு சுற்று கூட்டிப்போனால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்கிறார் இன்னொருவர். வளர்ந்த முயல் புதியதை ஏற்கவே ஏற்காது, விட்டுவிடுங்கள் என்றும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: எப்போது நேருக்கு நேர் விடலாம், எங்கே விடலாம், எது வெறும் சீண்டல், எது நிஜமான சண்டை? கடைசிவரை ஒத்துப்போகவே இல்லை என்றால், பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் காலம் முழுக்க வைத்திருப்பது அவர்களுக்குக் கொடுமையா?

பதில்: சாம்பல்வால்

மல்லி செய்வது முழுக்க இயல்பானது, அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வீட்டு முயலின் மூதாதையரான ஐரோப்பியக் காட்டு முயல்கள் வளை தோண்டிக் கூட்டமாகத்தான் வாழும், ஆனால் வெளியிலிருந்து வரும் ஒன்றை அந்தக் கூட்டம் சும்மா உள்ளே விடாது. அதிலும் பெண் முயலுக்குத் தன் இடத்தின் மேல் பிடிப்பு அதிகம். அவள் மோவாயால் தேய்த்துத் தேய்த்து அடையாளம் வைத்த அறை அது, அதற்குள் அந்நிய வாசனையோடு ஒருவன் வந்து உட்கார்ந்திருக்கிறான், அவள் வேறென்ன செய்வாள்?

ஆபரேஷன் செய்த ஓர் ஆணும் ஆபரேஷன் செய்த ஒரு பெண்ணும் என்பது இருப்பதிலேயே எளிதாக இணங்கும் ஜோடி. உங்களிடம் இருப்பது அதுதான், நல்ல ஆரம்பம். ஆனால் கருவாயனுக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாளே குணம் மாறிவிடாது. ஹார்மோன் அடங்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவரை விட்டால் அவன் அவள் மேல் ஏறுவதிலேயே குறியாக இருப்பான், அவள் கடுப்பாகிக் கடிப்பாள், ஆரம்பமே கெட்டுப்போகும். ஆகவே ஆறு வாரம் காத்திருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பெண் முயலுக்கு ஆபரேஷன் ஆகவில்லை என்றால் இந்த ஆறு வாரக் கணக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் ஏற்கெனவே தேங்கியிருக்கும் விந்தினால் ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரங்கள் ஆண் முயலால் சினையாக்க முடியும். பெண் முயலுக்குக் குறிப்பிட்ட பருவம் வரும்வரை காத்திருக்கும் கணக்கெல்லாம் கிடையாது, இணைந்த பிறகு சுமார் 10 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரும், ஒரே மாதத்தில் குட்டிகள், குட்டி போட்ட அன்றே மறுபடியும் சினைப்பட முடியும். குட்டி வேண்டாம் என்பது மட்டுமே காரணமும் இல்லை. ஆபரேஷன் ஆகாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது. ஆகவே துணை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், முயல்களைப் பார்த்துப் பழகிய ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டி அந்த ஆபரேஷனைச் செய்துவிடுங்கள்.

சரி, இந்த ஆறு வாரமும் சும்மா கழிய வேண்டியதில்லை, பாதி வேலை இப்போதே நடக்கும். இரண்டு கூண்டுக்கும் நடுவே நாலு விரல் அகலமாவது இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் கம்பிவழியாக மூக்கையும் உதட்டையும் கடித்து எடுத்துவிடும், அந்த முதல் கடியின் நினைவு பிறகு கூடவே வரும். கூண்டில் கிடக்கும் துணியை மாற்றிப் போடுங்கள். கழிவுப் பெட்டியை மாற்றி வையுங்கள். அவை பழகிய பிறகு முயல்களையே இடம் மாற்றுங்கள்: இன்று அவள் கூண்டில் அவன், நாளை அவன் கூண்டில் அவள். அந்நிய வாசனை என்று ஒன்று இல்லாமல் போகும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். சாப்பாடும் இடைவெளியின் இரு பக்கமும் நேருக்கு நேராக வையுங்கள், முதலில் கொஞ்சம் தள்ளி, அப்புறம் மெல்ல மெல்லக் கிட்டே. சேர்ந்து சாப்பிடுவது முயலுக்குப் பெரிய விஷயம்.

எப்போது நேரில் விடலாம் என்பதை நாள்காட்டியைவிட மல்லி நன்றாகச் சொல்வாள். கம்பியைப் பார்த்துப் பாய்வது நின்று, அவன் பக்கம் முதுகைக் காட்டிப் படுக்கிறாள், அவன் பார்க்க உட்கார்ந்து தன் முகத்தைக் கழுவிக்கொள்கிறாள், காலை நீட்டிச் சாய்கிறாள் என்றால் அவனை அவள் ஆபத்தாக நினைக்கவில்லை. அதற்கு முன் அவசரப்படாதீர்கள்.

பதில்: புல்மேடு

சாம்பல்வால் சொன்னதோடு நேரில் விடுவதைப் பற்றி நான் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் பலரும் தடுக்கி விழுவது அங்கேதான்.

இடம், இருவரில் யாருமே இதுவரை கால் வைக்காத இடமாக இருக்க வேண்டும். குளியலறை, மாடிப்படி முடியும் இடம், பக்கத்து வீட்டு வராந்தா, எதுவானாலும் சரி. வழுக்கும் தரை என்றால் ஒரு விரிப்பைப் போடுங்கள், கால் வழுக்கினாலே முயல் பதறிவிடும், அந்தப் பதற்றம் மற்றதன் மேல் பாயும். ஒளிந்துகொள்ளப் பெட்டி வைத்தால் இரண்டு வாசல் உள்ளதாக வையுங்கள். ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்டது தப்பிக்க வழியில்லாமல் கடிக்கும். நடுவில் காய்ந்த புல்லைத் தாராளமாகக் குவித்து வையுங்கள், கீரையும் கொஞ்சம் தூவுங்கள். நீங்களும் உள்ளேயே தரையில் உட்காருங்கள், கையில் தடிமனான கையுறையும் பக்கத்தில் ஒரு பெரிய துண்டும் இருக்கட்டும்.

இனி எது சண்டை, எது சண்டை இல்லை என்று. துரத்துவது, மேலே ஏறுவது, லேசாக முடியைப் பிடித்து இழுப்பது, இவை மூன்றும் நடக்கும். ஆபரேஷன் ஆன பிறகும் நடக்கும், பெண்ணும் ஆண் மேல் ஏறும். யார் பெரியவர் என்று பேசி முடிக்கும் முறை அது. ஏறினால் சில விநாடி விடுங்கள், கீழே இருப்பது பொறுமையிழந்து உறுமினால் மெல்ல இறக்கிவிடுங்கள். ஆனால் தலைப்பக்கமாக, மாறி ஏறினால் மட்டும் உடனே இறக்குங்கள், கீழே இருப்பது பிறப்புறுப்பைக் கடித்துவிடும். மோசமான காயங்களில் சில அப்படித்தான் வருகின்றன.

நிஜச் சண்டைக்கு முன்னால் அறிகுறி தெரியும். இரண்டும் காதைப் பின்னால் ஒட்டவைத்து, வாலை நிமிர்த்தி, உடம்பு விறைத்து ஒன்றையொன்று முறைக்கும். அப்புறம் ஒன்றின் வாலை ஒன்று பிடிக்கிற மாதிரி வட்டமாகச் சுற்றத் தொடங்கும். அந்த வட்டம் தொடங்கியவுடனே நடுவில் ஏதாவது ஒன்றைச் செருகுங்கள், அட்டையோ குப்பைமுறமோ எதுவோ. ஒன்றையொன்று கட்டிப்பிடித்து உருண்டுவிட்டால் துண்டைப் போட்டுப் பிரிக்க வேண்டும், வெறுங்கையை விடவே கூடாது, அந்த நேரத்தில் உங்கள் விரல் அதற்கு எதிரியின் கால்தான்.

சண்டை நடந்தால் இரண்டையும் பிரித்து, முடியை விலக்கி உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். முயலின் தோல் மெல்லியது, சட்டென்று கிழியும், முடி மூடிக்கொண்டு காயம் வெளியே தெரியாது. சின்னப் பல்பட்ட இடம்கூடச் சில நாளில் சீழ்க்கட்டியாகும். முயலின் சீழ் தண்ணீராக இராது, கெட்டியாக இருக்கும், தானாக வடியாது, பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே கடிபட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து உயிரே போகலாம்.

முதல் நாட்களில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள், சண்டை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்து முடிக்காதீர்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம் நேரம் கூட்டுங்கள்.

பதில்: வளைவாசி

நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் முறையில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒவ்வொரு முறையும் பிரித்துப் பிரித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் யார் பெரியவர் என்ற பேச்சு முதலிலிருந்து தொடங்குகிறது. கம்பிக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நன்றாகப் பழகிய ஜோடி என்றால், விடுமுறையில் கூடவே இருக்க முடிந்த நாளாகப் பார்த்து, இருவருக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில் விட்டு, சேர்ந்தே இருக்க விட்டுவிடுவது நல்லது என்பது என் அனுபவம். இரவிலும் யாராவது பக்கத்தில் படுக்க வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் சண்டை இல்லாமல் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து படுத்தால்தான் கண்ணை எடுக்கலாம், இரண்டு நாள் பார்த்தால் இன்னும் நிம்மதி. ஆனால் கூர்ந்து கவனிக்க ஆள் இல்லாத வீட்டுக்கு இது சரிவராது, அங்கே புல்மேடு சொன்ன வழிதான்.

காரில் கூட்டிப்போகும் யோசனையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதை நான் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து செய்யாதீர்கள். காரில் வைத்துக் குலுக்குவது, பக்கத்தில் வேக்குவம் கிளீனரைப் போடுவது எல்லாமே ஒரே ரகம். பயந்த முயல் பக்கத்தில் எது இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். அது நட்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், பயம் தீர்ந்து வீட்டுக்கு வந்ததும் அடிதடி. அதைவிட மோசம், கடுமையான பயத்தில் முயலின் குடல் இயக்கமே மந்தமாகி நின்றுவிடும். முயல் இடைவிடாமல் தின்று கொண்டும் கழித்துக்கொண்டும் இருக்க வேண்டிய பிராணி. 12 மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரம், காலையில் பார்க்கலாம் என்று விடக்கூடிய விஷயமே கிடையாது. பழக்கும் காலத்தில் தினமும் இரண்டு கழிவுப் பெட்டியையும் பாருங்கள். புழுக்கை சிறுத்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ வேகத்தைக் குறையுங்கள்.

"ஒரே கூண்டில் விடுங்கள், அடித்துக்கொண்டு சரியாகும்" என்பதும் அப்படித்தான். சின்னக் கூண்டில் தோற்ற முயலுக்கு ஓட இடமில்லை. ஜெயித்தது விடாது. முயல்கள் ஒன்றையொன்று கொன்றதும் உண்டு, நான் பயமுறுத்தச் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர்: மல்லிவீடு

எல்லோருக்கும் மிகவும் நன்றி. இன்றே கூண்டுகளை நகர்த்தி இடைவெளி விட்டுவிட்டேன், துணியையும் மாற்றிப் போட்டேன். மல்லி அவன் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே புழுக்கை போட்டுவிட்டுப் போனாள், இதை எப்படி எடுத்துக்கொள்வது?

இன்னொரு சந்தேகம். கருவாயன் கம்பியருகே வந்து தலையைத் தரையோடு தாழ்த்தி அப்படியே அசையாமல் இருக்கிறான். பயந்து பணிகிறானா?

பதில்: சாம்பல்வால்

புழுக்கை போட்டது "இது என் இடம்" என்று எழுதி வைத்த மாதிரி. வருத்தப்பட ஒன்றுமில்லை, சுத்தம் செய்யாமல் அப்படியே இரண்டு நாள் விடுங்கள், அவனும் பதில் எழுதுவான், பிறகு இரண்டு பேருக்கும் அது அலுத்துப்போகும்.

தலையைத் தாழ்த்துவது "என்னை நக்கிவிடு" என்று கேட்பது. பணிவு போலத் தெரியும், ஆனால் நக்கிவிடு என்று கேட்பதும் ஒரு வகையில் அதிகாரம்தான், பெரும்பாலும் ஜோடியில் மேலே இருக்கும் முயல்தான் தலையை நீட்டும், மற்றது நக்கிவிடும். சிக்கல் எங்கே வருமென்றால், இரண்டும் ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்திக்கொண்டு நீ முதலில், நீ முதலில் என்று காத்திருக்கும். அப்புறம் பொறுமை போய் ஒன்று காதைக் கடிக்கும். நேரில் விட்டபிறகு அப்படி நடந்தால் இரண்டின் நெற்றியிலும் ஒரே நேரத்தில் விரலால் நீவிவிடுங்கள், மற்றதுதான் நக்குகிறது என்று இரண்டும் நினைத்துக்கொண்டு அமைதியாகிவிடும். பல ஜோடிகளிடம் வேலை செய்திருக்கிறது.

அன்றைக்கு நேருக்கு நேர் மூக்கோடு மூக்கு வைக்கவும் வற்புறுத்தாதீர்கள். முயலுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது. பக்கவாட்டில் வந்து உட்கார்வதுதான் அவர்கள் மரியாதை. முதல் நாளில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஆளுக்கொரு மூலையில் புல் தின்றுகொண்டிருந்தால், அதுதான் மிக நல்ல முதல் நாள்.

பதில்: இரட்டைக்காது

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இரண்டு ஆண் குட்டிகள், ஒரே ஈற்றில் பிறந்தவை, மூன்று மாதம் ஆகிறது. ஒன்றின் மேல் ஒன்று தலை வைத்துத்தான் தூங்குகின்றன. கூடப் பிறந்தவை என்பதால் இந்தப் பழக்கும் வேலையெல்லாம் தேவையில்லைதானே?

பதில்: புல்மேடு

இப்போதைக்குத் தேவையில்லை, ஆனால் இப்போதே மருத்துவரைப் பாருங்கள். குட்டிகளின் ஒற்றுமை ஹார்மோன் வரும்வரைதான். சின்ன இனங்களுக்கு மூன்றரை நாலு மாதத்திலேயே வந்துவிடும், பெரிய இனத்துக்குக் கொஞ்சம் தாமதமாகும். அண்ணன் தம்பி என்ற உறவெல்லாம் முயலுக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் பார்த்தால் கூண்டு முழுக்க முடியாகக் கிடக்கும், அப்படி ஒரு முறை அடித்துக்கொண்டுவிட்டால் பிறகு சேர்ப்பது, புதிதாய் இரண்டைச் சேர்ப்பதைவிடக் கஷ்டம். விதைப்பை இறங்கியதும் இரண்டுக்கும் ஒரே நாளில் ஆபரேஷன் செய்யுங்கள், ஒன்றாகவே கூட்டிப்போய் ஒன்றாகவே கூட்டிவாருங்கள். ஏறுவதும் துரத்துவதும் அதற்குள் தொடங்கிவிட்டால் ஆபரேஷன் வரை கம்பிவலை வைத்துப் பிரித்துவிடுங்கள்.

இரண்டும் ஆண்தானா என்பதையும் மருத்துவரிடமே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். குட்டியில் ஆணா பெண்ணா என்று பிரிப்பதில் விற்பவர்கள் அடிக்கடி தவறிவிடுகிறார்கள்.

ஆபரேஷன் அன்று முயலைப் பட்டினி போடாதீர்கள். நாய் பூனைக்குச் சொல்வது இதற்குப் பொருந்தாது, முயலால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும். கிளம்பும்வரை புல் இருக்கட்டும், மயக்கம் தெளிந்ததும் கொடுக்கப் பழகிய புல்லையும் கீரையையும் கையோடு எடுத்துப்போங்கள். முயலைப் பட்டினி போட்டுக் கொண்டுவரச் சொல்லும் இடம் என்றால், முயலுக்கு ஆபரேஷன் செய்து பழகியவர்கள்தானா என்று நான் இரண்டு முறை கேட்டுப் பார்ப்பேன்.

பதில்: வளைவாசி

மல்லிவீடு, உங்கள் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒத்துப்போகாத ஜோடிகள் உண்டு. எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றையொன்று பிடிக்காமலே போவது உண்டு, மனிதர்களைப் போலவே. அப்போது நடுவே இடைவெளி விட்ட வலை வைத்து, பார்த்துக்கொள்ளவும் மோந்துகொள்ளவும் முடிகிற மாதிரி இரண்டு பெரிய இடமாகப் பிரித்து வைத்திருப்பது கொடுமை ஆகாது. தனியாக, இன்னொரு முயலின் வாசனையே இல்லாமல் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். சிலர் முயலுக்குத் துணையாகக் கினிப்பன்றியை விடுவார்கள், அது மட்டும் வேண்டாம். இரண்டும் பேசும் பாஷை வேறு, சாப்பாடு வேறு, முயல் உதைத்தால் கினிப்பன்றி தாங்காது, முயலிடம் சாதாரணமாக இருக்கும் போர்டெடெல்லா கிருமி கினிப்பன்றிக்கு மூச்சு நோயாக மாறும்.

ஆனால் உங்கள் இருவரையும் பற்றி எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அவன் தலையைத் தாழ்த்தி அங்கேயே காத்திருக்கிறான் என்றீர்களே, விரட்டினாலும் திரும்பி வருகிற ஆண் முயல் பாதி வேலையை முடித்துவிடும்.

இடம் பற்றியும் யோசித்து வையுங்கள். சண்டையில் பாதி இடநெருக்கடியால் வருவது. பிரிட்டனில் உள்ள ரேபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் அண்ட் ஃபண்ட் ஒரு ஜோடிக்குச் சொல்லும் அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம், அதுவும் எந்நேரமும் திறந்திருக்கும் ஒரே இடமாக. கடைகளில் முயல் கூண்டு என்று விற்பதில் பெரும்பாலானவை இதற்குப் பக்கத்தில்கூட வராது. அறையின் ஒரு பகுதியைக் கம்பிவலையால் வளைத்துவிடுவதுதான் நல்லது. தட்டு, தண்ணீர்க் கிண்ணம், கழிவுப் பெட்டி எல்லாம் இரண்டிரண்டு, ஒன்றுக்கொன்று தள்ளி.

கேள்வி கேட்டவர்: மல்லிவீடு

அறையின் சன்னல் பக்கத்துப் பகுதி கிட்டத்தட்ட அந்த அளவு வரும், அதையே ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அது மல்லி தினமும் ஓடித் திரிந்த இடம். பொது இடத்தில் நன்றாக இருந்துவிட்டு, அங்கே கொண்டுவந்ததும் அவள் மறுபடி "என் இடம்" என்று ஆரம்பித்தால்?

பதில்: சாம்பல்வால்

ஆரம்பிக்க வாய்ப்பு உண்டு. அதனால் அவர்களைக் கொண்டுவருவதற்கு முன் அந்தப் பகுதியைப் புதிய இடமாக மாற்றிவிடுங்கள். தரையையும் கம்பியையும் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். மல்லியின் பழைய பெட்டி, பழைய பொம்மை, பழைய விரிப்பு எதுவும் உள்ளே வேண்டாம். சாமான்களை எல்லாம் இடம் மாற்றி வையுங்கள். பொது இடத்தில் இருவரும் சேர்ந்து பயன்படுத்திய விரிப்பையும் கழிவுப் பெட்டியையும் மட்டும் கழுவாமல் அப்படியே கொண்டுவந்து வையுங்கள், அதில் இருப்பது இருவரின் வாசனையும். முதலில் சின்னப் பகுதியாக மறித்து விட்டு, அமைதியாக இருந்தால் ஒவ்வொரு பலகையாக நகர்த்தி இடத்தைப் பெருக்குங்கள். ஒரேயடியாகத் திறந்தால் துரத்தல் தொடங்கும்.

ஒருமுறை சேர்ந்துவிட்டால் பிறகு பிரிக்காதீர்கள். மல்லிக்கு உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போனால் கருவாயனையும் அதே பெட்டியில் கூட்டிப்போங்கள். ஒன்று மட்டும் ஆஸ்பத்திரி வாசனையோடு திரும்பி வந்தால், வீட்டிலிருந்தது அதை அந்நியனாக நினைத்துப் பாயக்கூடும், பிறகு ஆறு வாரம் முன்னால் இருந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.